அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டம்

ஒரு தெருவிலோ குடியிருப்பிலோ வசிப்போர் காவல்துறையின் துணையோடு கூடித் திருட்டு முதலிய குற்றங்களைத் தடுக்க நடத்தும் தன்னார்வ ஏற்பாடு. கூலிக்கு வைக்கப்படும் இரவுக் காவலிலிருந்தும், சீருடை அணிந்த ஊர்க்காவல் படையிலிருந்தும் இது வேறானது. உறுப்பினரின் வேலை கவனிப்பதும் தகவல் சொல்வதுமே. ஆளைப் பிடிப்பதோ தண்டிப்பதோ அன்று.

அமெரிக்காவில் தேசிய ஷெரிப்கள் சங்கம் 1972-இல் இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. பிரிட்டனில் முதல் குழு 1982-இல் செஷயர் மாவட்டத்து மாலிங்டன் கிராமத்தில் அமைந்தது.

குழு தொடங்குவோர் முதலில் அண்டை வீட்டாரைக் கூட்டி, உள்ளூர்க் காவல் நிலைய அதிகாரியை அழைத்துப் பேசவைப்பது வழக்கம். பிறகு தெருவுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் தேர்வாகிறார். தொலைபேசிப் பட்டியல் தயாராகிறது. தெருமுனையில் அறிவிப்புப் பலகை நடப்படுகிறது. வெளியூர் சென்றவரின் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வது அன்றாடப் பணிகளில் முக்கியமானது. தொடக்க ஆர்வம் தணிந்ததும் பலகை மட்டும் எஞ்சும் குழுக்களும் உண்டு.

பல ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, இத்திட்டம் உள்ள பகுதிகளில் குற்றங்கள் 16 முதல் 26 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டது. ஆனால் குற்றம் மலிந்த, குடிமாற்றம் மிகுந்த பகுதிகளில் குழு அமைவதே கடினம். அந்நியரைச் சந்தேகிக்கும் போக்கு இதன் பெருங்குறை. 2012-இல் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் கண்காணிப்புத் தொண்டர் ஒருவர் ஆயுதமற்ற 17 வயதுக் கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்றார். 2013-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.