எட்டு நாள் கணக்கு

ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று ஒரு வழக்கு உண்டு. புத்தி கெட்ட காரியத்துக்கு அதை உவமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த வழக்குக்குப் பின்னால் இருக்கும் கதையில் தேடியவர் ஏமாறவில்லை. திருமுதுகுன்றம் என்கிற விருத்தாசலத்தில் சிவபெருமானிடம் 12,000 பொன் பெற்றார் சுந்தரர். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூருக்குப் போய், கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். கொடுத்துவைத்த இடம் நாணயமான இடம். ஆகையால் பொருள் திரும்பி வந்தது.

உடம்புக்கு வந்து படுக்கிற தொழிலாளியும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார். தம் வேலையை முதலாளியிடம் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். குணமாகித் திரும்பி வந்து கேட்கும்போது அது அங்கே இருக்குமா?

இந்தக் கேள்வியை விருத்தாசலத்தில் வைத்துக் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்று அந்த ஊர் என்றால் பழமலைநாதர் கோயிலோடு பீங்கானும் நினைவுக்கு வருகிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. விருத்தாசலத்தில் சூளைகள் எழுந்தன. பீங்கான் தொழிலைக் கற்றுக் கொடுக்கவென்றே ஒரு கல்லூரியும் வந்தது. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பெட்டியில் இருக்கும் பியூஸ் கேரியர் எல்லாம் அங்கே வெந்து வருகின்றன.

களிமண் ஈரமாக இருக்கிறவரையில் சாது. காய்ந்து தூளாகிக் காற்றில் எழும்பினால், அதிலுள்ள சிலிக்கா மூச்சோடு போய் நெஞ்சில் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சேர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழும். இதற்கு சிலிகோஸிஸ் என்று பெயர். இங்கிலாந்தில் பீங்கான் தொழிலாளர்கள் இதையே 'பாட்டர்ஸ் ராட்' என்றார்கள். தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. போதாக்குறைக்கு, அப்படிப்பட்ட நெஞ்சில் காசநோய் சுலபமாகக் குடியேறும்.

காசநோய்க்கு வைத்தியம் என்றால், ஒரு காலத்தில் ஊரை விட்டே போவது என்று அர்த்தம். 1915இல் மதனப்பள்ளியிலும் 1928இல் தாம்பரத்திலும் சானடோரியங்கள் ஏற்பட்டன. நல்ல காற்று, ஓய்வு, போஷாக்கான ஆகாரம் என்று மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும். நெஞ்சு தேறிவிடலாம். அதுவரையில் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு எந்த முதலாளி காத்திருப்பார்?

1956இல் சென்னையில் ஒரு பரிசோதனை ஆரம்பமாயிற்று. அதை நடத்தியவர் டாக்டர் வாலஸ் பாக்ஸ். 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரு வருஷம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே குணமாகியிருந்தார்கள். உலகத்தின் காசநோய் வைத்தியமே இதனால் திசை திரும்பியது. நோயாளியை ஊரை விட்டு அனுப்பத் தேவையில்லை என்று வைத்தியம் சொல்லிவிட்டது. வேலையை விட்டும் அனுப்பாதே என்று சட்டம் சொல்ல வேண்டாமா?

சொல்லத்தான் செய்தது. 1948இல் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டம், நாம் சாதாரணமாக இ.எஸ்.ஐ. என்கிறோமே, அது பிறந்தது. 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955இல் கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் வந்தது. அதன் 73ஆவது பிரிவு, நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. படிக்கும்போது மனசு குளிர்கிற பிரிவு. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சென்னை மில் தொழிலாளி ஒருவரின் கதை காட்டிவிட்டது.

அந்த மில் பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில் ஆட்களின் குறையைக் கேட்டுத்தான். தொழிலாளியின் பெயர் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. நமக்கு அது வேண்டாம். 1957 ஜனவரியில் அவர் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சலும் சீதபேதியும் பிடித்துக்கொண்டன. லீவு முடிந்தும் வரவில்லை. மில்லுக்குக் கடிதமும் போடவில்லை. மார்ச் மாதம், காவலி சர்க்கார் டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டுடன் வந்து நின்றார். சுமார் இரண்டு மாதம் சீக்காக இருந்தார் என்றது அந்தக் காகிதம். மில் டாக்டர் அவரைப் பரிசோதித்தார். இரண்டு மாதம் சீக்காகக் கிடந்தார் என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றார். மில்லின் நிலையாணைகளில் ஒரு விதி இருந்தது. லீவு இல்லாமல் தொடர்ந்து எட்டு வேலை நாள் வராதவர், தாமாகவே வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படுவார். வராததற்குச் சொல்லும் காரணம் நிர்வாகத்துக்குத் திருப்தியானால் மட்டும் அதைச் சம்பளமில்லாத லீவாக மாற்றிக்கொள்ளலாம். நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்படவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அதே சீக்கை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் ஒப்புக்கொண்டு உதவித்தொகையும் கொடுத்தது! ஒரே மனிதர் ஒரு அலுவலகத்தில் நோயாளி. இன்னொரு அலுவலகத்தில் சொல்லாமல் ஓடிப்போனவர். உயர் நீதிமன்றத்தில் தொழிலாளி ஜெயித்தார். கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1963இல் அங்கே கம்பெனி ஜெயித்தது. 73ஆவது பிரிவு தடுப்பது நோய்க்காலத்தில் முதலாளி எடுக்கும் நடவடிக்கையைத்தான். இங்கே யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. விதிப்படி வேலை தானாகவே முடிந்துவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். கார்ப்பரேஷன் சர்ட்டிபிகேட்டை ஏற்றுக்கொண்டது முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். அதை எடைபோட நான் வக்கீல் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. சட்டம் நோயாளியைப் படுக்கையில் கிடக்கும்வரை காப்பாற்றியது. எழுந்து மில் வாசலுக்கு நடந்து வந்த அன்று கையை விட்டுவிட்டது. ஆனால் ஆபத்து இருப்பதே அந்த வாசலில்தானே? குணமாகி வருகிறவனுக்குத் தன் உடம்பே எதிர்ச்சாட்சி. தேறி வந்தால், "இவனுக்கா இரண்டு மாதம் சீக்கு?" என்பார்கள். இளைத்துக் கறுத்து வந்தால், "இவன் இனி எதற்கு ஆவான்?" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில், பார்க்கிறவர்கள் நம்பும்படியான ஒரு மேனியோடு எப்படி வருவது?

30 வருஷம் கழித்து, 1993இல், வேறொரு கம்பெனித் தொழிலாளியான டி.கே. யாதவ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான எட்டு நாள் விதி ஒன்றை எதிர்கொண்டது. விதி இருக்கட்டும், ஆனால் அந்த மனிதரைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்காமல் பேரை அடிக்கக்கூடாது; பிழைப்பும் உயிரைச் சேர்ந்ததுதான் என்றது. பாதிச் சம்பள பாக்கியோடு அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது. சென்னைத் தொழிலாளிக்கு அதனால் என்ன பிரயோஜனம்? 1996இல் அந்த மில்லே மூடிவிட்டது.

இவ்வளவும் பேர்ப்பதிவு உள்ள பெரிய ஆலைகளின் கதை. 1948ஆம் வருஷச் சட்டம் ஆரம்பத்தில் மின்சக்தி கொண்டு 20 பேராவது வேலை செய்த தொழிற்சாலைகளுக்கே பொருந்திற்று. நாலைந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு கூடத்தில் நிலையாணை ஏது, கார்ப்பரேஷன் ஏது? வேலை என்பது அங்கே ஒரு வாய்வார்த்தை. வராத நாலாவது நாள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து அகல் தட்டிக்கொண்டிருப்பார்.

கூடம் வரைக்கும் போவானேன்? நம் வீட்டுக் கொல்லைப்புறத்தையே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கிற அம்மாள் டைபாய்டில் ஒரு மாதம் படுத்துவிட்டு, தலைமயிர் உதிர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். உள்ளே புதுசாக ஒருத்தி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "நீ வரமாட்டேன்னு நெனைச்சுட்டோம்மா" என்கிறோம். நாம் அவளைத் துரத்தவில்லை. தண்டிக்கவும் இல்லை. வேலை தானாகவே முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.