வேலூர்க் கதவு அன்று அடைபட்டிருந்தால்...

நம் கிடர்பூரை அடுத்து ஹூக்ளியிற் கலக்கும் டாலி கால்வாயின் கரையைப் பற்றித் தெற்கே சென்றால் டாலிகஞ்சை அடையலாம். வேலூர்க் கோட்டையிலிருந்து கொணரப்பட்ட திப்பு சுல்தானின் மைந்தர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. தர்மதலாவில் நம்மிற் பலர் கடந்து செல்லும் பள்ளிவாசலை 1842-இல் எழுப்பிய இளவரசர் குலாம் முகம்மதுவும் அவருள் ஒருவரே. நம் நாட்டுக் கோட்டை ஒன்றில் ஒரு காலைப்பொழுதில் நிகழ்ந்ததன் விளைவு இது என்பதை அன்பர்கள் நினைவு கூர்தல் வேண்டும்.

1806 ஜூலை 10. நெற்றியிற் குறியிடலாகாது, தாடி மழிக்க வேண்டும், தோற்பட்டம் பதித்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணைகளால் மனம் புழுங்கிய சிப்பாய்கள் விடியுமுன் கிளர்ந்தெழுந்தனர். கோட்டைத் தலைவன் கர்னல் பான்கோர்ட் மாண்டான். வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மதிலின்மீது மைசூர்ப் புலிக்கொடி பறந்தது. ஆயின் வென்றவர் கொள்ளையில் இறங்கினர். புறவாயிற் கதவுகள் திறந்தே கிடந்தன, அகழிப் பாலமும் தூக்கப்படவில்லை! கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த அதிகாரி ஒருவர் 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டிற்குச் செய்தி விடுத்தார். கில்லெஸ்பி குதிரைப் படையுடன் காலையிலேயே வந்து, கயிற்றைப் பற்றி மதிலேறினான். சிறு பீரங்கிகள் உட்கதவைத் தகர்த்தன. நண்பகலுக்குள் யாவும் முடிந்தது.

பாலம் தூக்கப்பட்டிருந்தால்? அகழிக்கு அப்பால் நிற்கும் குதிரைகளால் யாது செய்ய இயலும்? மதிலை இடிக்கும் பெரும் பீரங்கிகள் வந்து சேரப் பல நாட்கள் ஆகியிருக்கும். அதற்குள் செய்தி மைசூரை எட்டியிருக்கும். ஐதராபாத், நந்திதுர்க்கம், பாளையங்கோட்டைப் பாசறைகளிலும் அவ்வாண்டு அமைதியின்மை இருந்தது.

எனினும் கும்பினி ஆட்சி அன்றே வீழ்ந்திருக்கும் என்று கூற என் மனம் துணியவில்லை. துணை நிற்போர் யார்? ஹோல்கார் 1805 டிசம்பரிலேயே உடன்படிக்கை செய்துகொண்டார். மருது சகோதரர் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரையும் அவ்வாண்டே மடிந்தான். வேலூர் ஐந்தாண்டு முன்னர் எழுந்திருந்தால், சிவகங்கைக் காடுகளில் மருதுவின் படை நின்ற நாளில் எழுந்திருந்தால், கும்பினி இரு முனைகளிற் பொருத நேர்ந்திருக்கும். காலம் அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை.

சென்னை ஆளுநர் பெண்டிங்கு இதன் பொருட்டுத் திரும்ப அழைக்கப்பட்டார்; அவரே 1828-இல் தலைமை ஆளுநராய் இந்நகருக்கு வந்தார் என்பது விந்தை. இளவரசர்க்குக் கல்கத்தாவில் உதவித்தொகை கிடைத்தது. பிடிபட்ட சிப்பாய்களுட் சிலர் பீரங்கி வாயிற் கட்டப்பட்டுச் சிதறினர். அவர்தம் பெயர்களை நம்முள் அறிந்தவர் எத்தனை பேர்?