சில் ஜான்சனின் குரல் யாருக்குச் சொந்தம்?

சோல் இசை என்றதும் ஜேம்ஸ் பிரவுனைச் சொல்கிறோம். சிகாகோவின் சில் ஜான்சனை நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை தோழர்களே. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1969இல், 'இஸ் இட் பிகாஸ் ஐம் பிளாக்' பாடினார். கறுப்பன் என்பதாலா இந்த நிலை என்ற கேள்விதான் பாட்டு. முழக்கமில்லை, நிதானமாகக் கேட்கிறார்.

1980களில் மீன் உணவகம் நடத்தினார். பிறகு ஹிப்ஹாப் கலைஞர்கள் அவர் பாடல்களை வெட்டித் தங்கள் பாட்டில் ஒட்டினார்கள். பலர் அனுமதி கேட்கவில்லை. (அவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே, அதையும் சொல்ல வேண்டும்.) வழக்குப் போட்டார். சிலரிடமிருந்து பணம் வந்தது. சைப்ரஸ் ஹில் குழுவுக்கு எதிரான வழக்கு தோற்றது. காரணம், 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்க ஒன்றியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்போது இடமில்லை. 2018இல்தான் பாதுகாப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 82.