விக்கெட் காப்பாளர் களுவிதாரண

1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தைப் பற்றிப் பேசும்போது, களுவிதாரண அடித்து நொறுக்கினார் என்று எம் இளைஞர் பலர் கூறக் கேட்கிறோம். கணக்கைப் பார்ப்போமாயின் வியப்பே மிஞ்சும். அப்போட்டிகளில் ஆறு முறை துடுப்பெடுத்தாடி அவர் பெற்றவை 73 ஓட்டங்களே! அவ்வாண்டு ஜனவரியில் மெல்போர்ணில் அவுஸ்திரேலியாவுக்கெதிராக ஆரம்ப ஆட்டக்காரராக இறங்கி எடுத்த 77 ஓட்டங்களின் புகழே பின்னரும் தொடர்ந்து வந்தது. முதற் பதினைந்து ஓவர்களில் இருவர் மாத்திரமே வட்டத்துக்கு வெளியே நிற்கலாம் என்ற விதியை அவரும் ஜயசூரியவும் நன்கு பயன்படுத்தினர். டில்லியில் இந்தியாவுக்கெதிராக முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் குவிந்தன.

ஆயினும் கிண்ணத்தை வென்றதில் அவருடைய கைகளுக்குள்ள பங்கே பெரிதென்பது எமது எண்ணம்.

மார்ச் 13ஆந் திகதி கல்கத்தாவில் அரையிறுதி. களுவிதாரண ஓட்டமேதும் பெறாது முதல் ஓவரிலேயே வெளியேறினார். இலங்கை 251 ஓட்டங்கள் எடுத்தது. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்ற நிலையில் டெண்டுல்கர் 65 ஓட்டங்களுடன் நின்றார். ஜயசூரியவின் பந்தை அவர் தவறவிட்ட கணத்தில் களுவிதாரண விக்கெட்டைத் தட்டிவிட்டார். அதன்பின் இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆகச் சரிந்தது. இரசிகரின் குழப்பத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது.

நான்கு நாட்களின் பின் லாகூர் இறுதியாட்டத்தில், மலையகத் தமிழரான எங்கள் முரளிதரனின் பந்தில் ஷேன் வோர்ணை அவர் ஸ்டம்ப் செய்தார். இதற்கொரு பழைய கதையுண்டு. 1992 ஓகஸ்டில் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கெதிராகத் தமது முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே களுவிதாரண ஆட்டமிழக்காது 132 ஓட்டங்கள் பெற்றார். அவற்றுள் 26 பவுண்டரிகள். ஆனால் 181 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை 164இல் சுருண்டது. கடைசி மூன்று விக்கெட்டுகளையும் ஓர் ஓட்டமும் கொடாது வீழ்த்தியவர் அதே வோர்ண்!

உயரத்திற் குறைந்தவராதலால் அவரைச் 'சின்னக் களு' என்று அன்புடன் அழைப்பர். சுழற்பந்துக்கு விக்கெட்டை ஒட்டிக் குந்தியிருந்து, தரையிலிருந்து எழும் பந்தோடு தாமும் எழும் காப்பாளருக்கு அதுவும் ஒரு வசதிதான். ஒருநாள் ஆட்டங்கள் 189இல் அவர் பிடித்தவை 131, ஸ்டம்ப் செய்தவை 75. சுழலை நம்பிய அணியின் காப்பாளர் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டுமென்பதை அந்த 75 காட்டும். 49 டெஸ்ட்டுகளில் அவர் பெற்றவை மூன்று சதங்கள். 2000ஆம் ஆண்டில் சங்கக்கார வந்தபின் அவருடைய இடம் சுருங்கியது. 2004உடன் சர்வதேச ஆட்டங்கள் முடிவுற்றன.