காஜி முடியரசின் ஊழியரா?

வடுகபட்டியில் நடந்த ஒரு நிக்காஹ் சபையில், பதிவேட்டில் சாட்சிக் கையொப்பமிட்ட பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அரசாங்கம் நியமிக்கும் காஜி சர்க்கார் உத்தியோகஸ்தர்தானே? அப்படியானால் அவர் தரும் தாளும் சர்க்கார் தாள்தானே?" வினா எளியது. விடையைத் தேடினால், காலனி ஆட்சியில் 'முடியரசின் ஊழியர்' எனப்பட்டவர் யார் என்னும் பெரிய வினாவுக்கே வந்து சேர்கிறோம்.

இதற்கு ஆங்கிலேயர் சட்டம் ஒரே விடை தரவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் 'பொது ஊழியர்' யார் யார் என வரிசைப்படுத்தி, அவர்களை அரசு நியமித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் பொது ஊழியரே என்று விளக்கமும் எழுதிற்று. அங்கே செய்யும் கடமையே அளவுகோல். 1870ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்திலோ, அந்நியர் ஒருவர் ஐந்தாண்டுகள் முடியரசுப் பணி செய்திருந்தால், அது ஐக்கிய இராச்சியத்தில் ஐந்தாண்டுகள் வாழ்ந்ததற்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. அங்கே பணி என்பது ராஜவிசுவாசத்தின் அடையாளம். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், முடியரசின் சிவில் பதவி வகிப்பவர் மன்னரின் விருப்பம் உள்ளவரையே பதவியில் இருப்பார் என்றது. 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசிய இனச் சட்டமோ, ஐக்கிய இராச்சிய அரசின் கீழ் ஆற்றும் முடியரசுப் பணியைத் தனியே பிரித்துச் சில சலுகைகளை அதற்கு மட்டுமே உரியதாக்கியது. ஆக, ஒரு சட்டத்தில் ஊழியராகக் கருதப்பட்டவர் இன்னொன்றில் அவ்வாறு கருதப்படாமல் போகலாம்.

இப்போது காஜியிடம் வருவோம். கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்ட அதிகாரிகள் இருந்தனர். ஷரீஅத் தொடர்பான வழக்குகளில் நீதிபதிக்கு ஃபத்வா வழங்குவது அவர்கள் பணி. நகரங்களுக்கும் பர்கானாக்களுக்கும் காஜிகளை நியமிக்கும் விதிகளும் இருந்தன. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அந்தச் சட்ட அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. காஜிகளை அரசு நியமிப்பது உகந்ததன்று எனக் கூறி அந்த விதிகளையும் நீக்கிற்று.

அரசு விலகிக் கொண்டாலும் மக்களின் வழக்கம் விலகவில்லை. நாட்டின் சில பகுதிகளில், அரசு நியமித்த காஜி நிக்காஹ் சபையில் இருக்க வேண்டும் என்னும் மரபு வேரூன்றியிருந்தது. இதை முன்னிட்டு, வைசிராயின் சட்டமன்றத்தில் சர் சையிது அஹ்மது கான் கொண்டுவந்த மசோதா 1880இல் காஜிகள் சட்டமாயிற்று. அது முதலில் செல்லுபடியானது சென்னை மாகாணத்தில் மட்டுமே. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த வடுகபட்டியும் கம்பம் பள்ளத்தாக்கும் தொடக்கம் முதலே அச்சட்டத்தின் எல்லைக்குள் இருந்தன.

அச்சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. ஒரு வட்டாரத்தின் முஸ்லிம்களில் கணிசமானோர் விரும்பினால், அங்குள்ள முக்கியஸ்தர்களைக் கலந்தாலோசித்து அரசு காஜியை நியமிக்கலாம். தவறான நடத்தை, தொடர்ந்து ஆறு மாதம் ஊரில் இல்லாமை, நொடித்துப் போதல் போன்ற காரணங்களுக்காக அவரை நீக்கலாம். மன்னரின் விருப்பம் என்னும் சொல் இங்கே இல்லை. நான்காம் பிரிவு இன்னும் தெளிவானது: இந்த நியமனத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடைக்காது; நிக்காஹில் அவர் இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை; காஜியின் பணியைப் பிறர் ஆற்றுவதற்கும் தடையில்லை. அரசு முத்திரையைக் கொடுத்தது. அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக் கொண்டது.

நம் ஃபுகஹாக்களும் இதே வினாவை எதிர்கொண்டவர்களே. ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), முஸ்லிமல்லாதார் ஆளும் நிலங்களில் முஸ்லிம்களின் பரஸ்பர இசைவால் காஜி காஜியாகிறார் என்ற கருத்தைத் தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் பதிவு செய்துள்ளார். இப்பள்ளத்தாக்கின் ராவுத்தர் ஜமாஅத்துகள் பின்பற்றுவது அந்த மத்ஹபையே. மார்க்க நோக்கில் காஜியின் தகுதிக்கு ஊற்று சமுதாயத்தின் நம்பிக்கை. 1880ஆம் ஆண்டுச் சட்டமும் மக்களின் விருப்பத்தை முதல் நிபந்தனையாக்கியதால், தன்னையறியாமலே அதற்கு அருகில் வந்து நின்றது எனலாம்.

இது பழங்கதையன்று. காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ்களை எதிர்த்து பதர் சயீத் தொடுத்த வழக்கில், 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணையொன்று பிறப்பித்தது. அச்சான்றிதழ்கள் கருத்துரைகள் மட்டுமே, சட்ட வலிமை உடையவை அல்ல என்றது. அதற்கு ஆதாரமாக நின்றது அதே நான்காம் பிரிவுதான். ஒரு தாளைச் சர்க்கார் தீர்ப்பு என நம்பி வாழ்வை முடிவு செய்துகொள்ளும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது!

ஆகவே பெரியவருக்கு நாம் சொன்ன விடை இது: காஜியை நியமிப்பது அரசு, ஆனால் அவர் அரசின் குரல் அல்லர். நிக்காஹை 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி தனியே பதிவு செய்துகொள்ளுங்கள். காஜியிடம் மார்க்க அறிவையும் நேர்மையையும் கேளுங்கள். அவற்றை எந்த அரசின் முத்திரையாலும் வழங்க முடியாது.