சும்மா இருக்கும் செயலி

வேலையில்லாத நேரத்திலும் கணினி மின்சாரம் குடிக்கும். அதைக் குறைக்க 1996 டிசெம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. அதுவரை பயோஸ் பார்த்த வேலை இயங்குதளக் கருவின் பொறுப்பானது.

2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஸென் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரே கணினியில் பல இயங்குதளங்கள் குடியேறின. செயலி ஸென்னின் கைக்குப் போனது. ஆனால் செயலி எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்ற ஏசிபிஐ விபரத்தை முழுதாக வாசிக்கத் தெரிந்தது முதற்குடியான லினக்ஸுக்கே. வாசித்ததை ஸென்னிடம் ஒப்படைக்கும் பகுதி 2012இல்தான் லினக்ஸ் 3.4இன் மூலத்தில் சேர்ந்தது.

கணக்காளனாகச் சொல்கிறேன்: காசுப்பெட்டியும் கணக்குப்புத்தகமும் வெவ்வேறு கைகளில் இருப்பது நல்லதே. ஆனால் இரண்டும் ஒத்துப்பார்க்கப்படாவிட்டால் நட்டம் வீட்டுக்காரருக்கு. இங்கே அந்த நட்டம் மின்கட்டணம்.