மாத்திரைக்கு இணங்காத விறைப்புக் குறைபாடு

ஆண்குறி உறவுக்கு வேண்டிய அளவு விறைக்காமலோ, விறைத்தும் நிலைத்து நில்லாமலோ சில மாதங்கள் தொடர்ந்து வரும் நிலை விறைப்புக் குறைபாடு எனப்படும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும், தமிழ்நாட்டுக் கிராமங்களைப் போலவே, இதற்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு மறைவான பெயர் உண்டு. அந்தப் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லக் கூசி, அசதி என்றும் இடுப்பு வலி என்றும் மருத்துவரிடம் சொல்லித் திரும்புவோர் பலர். 1998 மார்ச் மாதத்தில் சில்டெனாபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு இந்த வியாதியின் சிகிச்சை எளிதாயிற்று என்பது மெய்; ஆயினும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அம்மாத்திரையும் அதன் இனத்தைச் சேர்ந்த பிறவும் போதிய பலன் தருவதில்லை.

இப்பிரதேசத்தில் அந்தப் பங்கு முக்கியமாவதற்குக் காரணம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரிடையே நீரிழிவு 11.4 விழுக்காடாக இருக்கப் புதுச்சேரியில் அது 26.3 விழுக்காடு, இதைவிட மிகுதி கோவா ஒன்றே, அதுவும் இம்மியளவே மிகுதி. நெடுநாள் கட்டுக்கு அடங்காத சர்க்கரை, குறிக்குச் செல்லும் நரம்புகளையும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் ஒருங்கே கெடுக்கிறது. இச்சை தோன்றும்போது நரம்பு நுனிகள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை வெளியிட, அதனால் தசைகள் தளர்ந்து ரத்தம் பெருகிப் பாய்வதே விறைப்பு. மாத்திரை இந்நிகழ்ச்சியைத் தோற்றுவிப்பதில்லை, தோன்றியதை நீடிக்கச் செய்கிறது. நரம்பே பழுதாகி ஆரம்ப சமிக்ஞை எழாதபோது, நீடிக்கச் செய்ய அங்கே ஒன்றும் இருப்பதில்லை. வேறு சிலரிடத்தில் ரத்தம் வந்து நிறைந்தும் தங்குவதில்லை. பாகூர் ஏரிக்கு எவ்வளவு வரத்து இருந்தாலும் மதகுப் பலகை சரியாக இறங்காவிட்டால் நீர் நில்லாதது போல, சிரைகளின் வழியே அது உடனுக்குடன் வடிந்துவிடுகிறது.

மாத்திரை பலிக்கவில்லை என்று முடிவு கட்டுமுன், அது உட்கொள்ளப்பட்ட முறையை விசாரிப்பது முதற் கடமை. கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டு வாங்கிய இருபத்தைந்து மில்லிகிராம் மாத்திரை ஒன்றை, கோழிக் குழம்பும் பரோட்டாவும் ஒரு குவார்ட்டர் பிராந்தியும் உள்ளே சென்ற பிறகு விழுங்கி, கால்மணி நேரம் காத்திருந்து, இது போலி என்று தூக்கி எறிபவர் உண்மையில் மருந்தைச் சோதித்தவர் ஆகார். கொழுப்புள்ள உணவு சில்டெனாபில் ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மது தானே விறைப்பைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் உட்கொண்டு ஒரு மணி நேரம் பொறுத்து, மருத்துவர் அனுமதித்தால் நூறு மில்லிகிராம் வரை உயர்த்தி, ஆறு முறையாவது முயன்று பார்த்த பிறகே தோல்வி என்னலாம். ஒன்று பலிக்காதவருக்கு, ஒன்றரை நாள் வரை செயல்படும் டடாலபில் பலிப்பதும் உண்டு. இதய வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் இவற்றில் எதையும் தொடலாகாது; இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும்படி விழும். ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனின் காலைவேளை அளவும் இந்தக் கட்டத்திலேயே பார்க்கப்பட வேண்டும்; அது மிகவும் குறைந்திருந்தால், அதை ஈடுசெய்த பின் பழைய மாத்திரையே வேலை செய்யத் தொடங்குவதுண்டு.

இவ்வளவும் செய்து பயனற்றுப் போனோருக்கு உரிய அடுத்த சிகிச்சைகளுள் வலிமை மிக்கது குறியிலேயே போடும் ஊசி. பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் ரொனால்டு விராக், பாப்பாவெரின் மருந்து இவ்வாறு விறைப்பை உண்டாக்குவதை 1982-இல் வெளியிட்டார். மறு ஆண்டு லாஸ் வேகாஸ் மாநாட்டில், ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஜைல்ஸ் பிரிண்ட்லி, தம் உடலிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டு வந்து, திகைத்திருந்த சபையின் முன் அதன் விளைவை நேரிற் காட்டினார். மருத்துவ சரித்திரத்தில் அவ்வளவு மறுக்க முடியாத பிரத்தியட்சப் பிரமாணம் அபூர்வம். நரம்பின் தயவை எதிர்பாராமல் மருந்து நேரே தசையைத் தளர்த்துவதால், மாத்திரைக்கு இணங்காத சர்க்கரை நோயாளிகளிலும் பலருக்கு இது பலிக்கிறது. இன்சுலின் போடுவது போன்ற மெல்லிய ஊசியை, மேற்புறத்து நரம்புகளையும் அடிப்புறத்து மூத்திரக் குழாயையும் தவிர்த்துப் பக்கவாட்டில் செலுத்தி, சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் ஊசி மருத்துவர் முன்னிலையிலேயே போடப்பட்டு அளவு நிர்ணயிக்கப்படும். விறைப்பு நான்கு மணி நேரம் கடந்தும் அடங்காவிட்டால், நள்ளிரவானாலும் வெட்கத்தை விட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், தாமதித்தால் தசை நிரந்தரமாகக் கெடும்.

ஊசிக்கு அஞ்சுவோர்க்கு வெற்றிடக் கருவி உண்டு. பிளாஸ்டிக் குழலுள் காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைத்து அடியில் ரப்பர் வளையம் பூட்டுவது. அரை மணிக்குள் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். குறி சற்றுக் குளிர்ந்து நீலம் பாரிப்பதால் இளையோர் இதை விரும்புவதில்லை. நெடுநாள் இல்லறம் நடத்திய தம்பதிகள் சமாளித்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் பொய்த்த இடத்தில் அறுவை சிகிச்சை நிற்கிறது. காற்றூதியைப் போல் நீரால் நிரப்பத்தக்க செயற்கைத் தண்டுகளை 1973-இல் ஸ்காட் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர்; அவ்வகை இறக்குமதிக் கருவிக்கு இன்றும் சில லட்சம் ரூபாய் வேண்டும். நம் நாட்டு எளியவரை எண்ணி மும்பை மருத்துவர் ரூபின் ஷா வகுத்த வளையும் தண்டு அதைவிடப் பன்மடங்கு மலிவானது. மேலுறைகளைக் கழற்றி நோயாளியின் பருமனுக்கு ஏற்பப் பொருத்தும் யுக்தி அதன் சிறப்பு. உணர்ச்சியும் விந்து வெளிப்படுதலும் முன்போலவே இருக்கும். ஆனால் உள்ளிருந்த இயற்கைத் தசை அழிவதால் பின்வாங்க வழியில்லை. சர்க்கரை கட்டுப்படாதவருக்குப் புண் சீழ்ப்பிடித்துக் கருவியையே எடுத்துவிட நேரலாம். அதிர்வலை சிகிச்சை, ரத்தத் தட்டணுச் சாறு ஏற்றுதல் ஆகியன விளம்பரத்தில் முன்னேறிய அளவுக்கு ஆதாரத்தில் இன்னும் முன்னேறவில்லை.

ஆண்மைக் குறைவுக்கு மருந்து என விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுத்தும், குறித்த தேதியில் லாட்ஜில் முகாமிடும் வைத்தியர்களின் சுவரொட்டிகள் குறைந்தபாடில்லை. அவர்கள் தரும் மூலிகைச் சூரணம் எனப்படுவதில் சில்டெனாபிலே கலந்திருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. இதய நோயாளி அறியாமல் அதை உண்பது அனர்த்தம். வில்லியனூர்ப் பக்கத்தார்க்கு ராமநாதபுரத்து ஜிப்மர் கிராம சுகாதார மையமும், பாகூர்ப் பக்கத்தார்க்குக் கடலூர்ச் சாலையில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் எழுந்த மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் யூராலஜித் துறையும் உண்டு. மனைவியும் உடன் செல்வது நல்லது. ஊசியோ கருவியோ கணவன் தனியே தீர்மானித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அலமாரியில் கிடக்கவே வாய்ப்பு அதிகம்.

மருத்துவர் முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னால், வந்த காரியத்தை விட்டு வேறெதற்கோ செலவு வைக்கிறார் என்று நோயாளி எண்ண வேண்டியதில்லை. குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவையாதலால் அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும்; விறைப்புக் குறை தோன்றி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் நெஞ்சு வலி தலைகாட்டுவது பலரிடம் காணப்பட்டிருக்கிறது.